கீறல் தண்ணி

எங்க ஊர் கருக்கனூத்துல அருவி நின்னுச்சு. வத்திப் போச்சுன்னு நினைச்சுக்காதீங்க. வத்துறது வேற, நிக்கிறது வேற. ஆடி மாசம் ஒரு மதியம், ரெண்டரை மணி பஸ் வந்து திரும்பிக்கிட்டிருந்த நேரத்துல, கொண்டைப்பாறை உச்சியில இருந்து முந்நூறு அடி விழுந்துக்கிட்டிருந்த அருவி, விழுந்த வாக்குலயே, நுரையும் திவலையுமா, அந்தரத்துல அப்படியே நின்னுச்சு. அதுக்குப் பக்கத்துல என் தம்பி சுருளிவேலும் நின்னான், பாறையை விட்டு ஒரு முழம் வெளிய, காலுக்குக் கீழ ஒண்ணுமே இல்லாம, கையில என் சிவப்புக் குடையை விரிச்சுப் பிடிச்சபடி. இருபத்தேழு வருசம் ரெண்டும் அப்படியே நின்னுச்சு.

எப்படின்னு என்னைக் கேக்காதீங்க. கேக்குறவங்க எல்லாம் கேட்டாச்சு. கண்ணாடி போட்டவங்க வந்து அளந்து பாத்தாங்க, தாடி வச்சவங்க வந்து கண்ணை மூடிப் பாத்தாங்க, எல்லாரும் என் கடையில டீ குடிச்சுட்டு, சீனி கொஞ்சம் தூக்கல்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டாங்க. நான் மூக்கம்மா, அருவிக்குக் கீழ டீக்கடை போட்டிருக்கவ. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் நான் பாத்ததும், நான் செஞ்சதும்தான். செஞ்சதுதான் நெஞ்சுல கிடந்து அறுக்குது.

அந்த வருசம் தியோடர் சார் எங்க ஊருக்கு வந்திருந்தாரு. கோயமுத்தூர்ப் பக்கம். காட்டு மிருகத்தையும் மலையையும் போட்டோ பிடிக்கிறதே அவருக்குப் பொழப்பு. நல்ல மனுசன், அதையும் சொல்லணும். இருவாச்சி கூட்டுக்குத் திரும்புறதைப் பிடிக்கணும்னு ஒரு மரத்தடியில ஒன்பது நாள் குப்புறப் படுத்துக் கிடந்தவரு. அட்டை கழுத்துல ஏறி ரத்தம் குடிச்சாலும் தட்டிவிட மாட்டாரு, சத்தம் கேட்டா பறவை போயிரும்னு. காட்டுக்குள்ள அவருக்குத் துணை என் தம்பி. சுருளி வனத்துறையில காவல் வேலை பாத்தான், இருபத்தாறு வயசு, எந்தப் பாறையில எந்த ஆடு எத்தனை மணிக்கு வரும்னு வீட்டுக் கோழியைச் சொல்ற மாதிரிச் சொல்லுவான். கொண்டைப்பாறை ஓரத்துல உப்பு நக்க வர்ற வரையாட்டுக்காக ரெண்டு பேரும் பதினோரு நாள் காத்துக் கிடந்தாங்க. பன்னெண்டாம் நாள் ஒரு தாயாடு வந்துச்சு, குட்டியோட.

அன்னிக்கு மதியம் சுருளி மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"அக்கா, சிவப்பா ஏதாச்சும் இருக்கா? சார்கிட்ட ஒரே ஒரு பிலிம்தான் மிச்சம். முப்பத்தாறு படத்துல முப்பத்தஞ்சும் தீந்துருச்சு. மலை எம்புட்டுப் பெருசுன்னு படத்துல தெரியணும்னா பக்கத்துல ஒரு ஆள் நிக்கணுமாம். சின்னதாத் தெரியிற ஆளு, சிவப்பாத் தெரியணுமாம்."

"ஆளு நின்னாத்தான் மலை பெருசா? இந்த மலை அவங்க பாட்டன் காலத்துக்கு முன்னாடியே பெருசுதான்டா."

"நக்கலு அப்புறம் பண்ணு. குடையக் குடு."

புதுக்குடை. என் வீட்டுக்காரர் தேனியில வாங்கிட்டு வந்து பத்து நாள்கூட ஆகல. எனக்குக் குடுக்க மனசே இல்ல. எடுத்து நீட்டும்போது சொன்னேன், இந்த வாயாலதான் சொன்னேன்: "இதைத் தொலைச்சுட்டு வந்தேன்னு வையி, வீட்டு வாசப்படி மிதிக்க விடமாட்டேன். காத்தடிச்சாலும் கையை விடாத. புரியுதா?" அவன் சிரிச்சுக்கிட்டே, "உசுரு போனாலும் விடமாட்டேன்க்கா"ன்னுட்டு ஓடுனான். பவுனுக்கு அப்ப நெறமாசம். பவுனுன்னா அவன் பொண்டாட்டி, பவுன்தாயி. "அவளை ஒத்தையில விட்டுட்டு வந்திருக்கேன், அஞ்சு நிமிசத்துல முடிச்சுட்டு ஓடியாந்துருவேன்"னு மேட்டுல ஏறிக்கிட்டே கத்துனான்.

ஆடிக்காத்து உங்களுக்குத் தெரியாது. கேரளத்துப் பக்கமிருந்து மலையைத் தாண்டி வந்து, எங்க ஊரைக் கீழ பாத்துத் தள்ளும். நின்ன மாட்டையே நாலடி நகத்தும். சுருளி உச்சியில போய் நின்னு குடையை விரிச்சான். கடையில இருந்து பாத்தா குங்குமப் பொட்டு மாதிரி தெரிஞ்சான். காத்து குடைக்குள்ள புகுந்துச்சு. வேற எவனா இருந்தாலும் கையை விட்டிருப்பான். குடை போயிருக்கும், ஆள் பாறையில உக்காந்து சிரிச்சிருப்பான். என் தம்பி விடல. குடை அவனைக் கையோட இழுத்து வெளிய போட்டுச்சு, அதே நேரத்துல எதிர்ப்பாறையில இருந்து சார் பட்டனை அமுக்குனாரு. டக்குனு ஒரு சத்தம். அதுக்கப்புறம் சத்தமே இல்ல. முப்பத்தெட்டு வயசு வரைக்கும் அருவி இரைச்சல் இல்லாம ஒரு நிமிசம்கூட இருந்து பழகாதவ நான். எனக்குக் காது செத்துப் போச்சுன்னு நினைச்சேன்.

நின்னது அருவியும் ஆளும் மட்டும் இல்ல. அந்தப் படத்துக்குள்ள எது எது விழுந்துச்சோ அது பூராவும் நின்னுச்சு. முன்காலைத் தூக்குன தாயாடு தூக்குனபடி நின்னுச்சு. நாலு தகைவிலான் குருவி அந்தரத்துல நின்னுச்சு. ஒரு நாவல்மரத்துல பாதி உள்ள, பாதி வெளிய. வெளியில இருந்த பாதி வருசா வருசம் துளிர்த்துப் பழுத்து உதிந்துச்சு, உள்ள இருந்த பாதி அதே ஆடி மாசத்துப் பச்சையில இலை அசையாம இருந்துச்சு. மேல இருந்து வர்ற ஆத்துத் தண்ணி அந்தப் படச்சட்டத்துக்குள்ள நுழைஞ்சுச்சு, வெளிய வரல. எங்க போச்சோ, யாரு கண்டா.

கயிறு கட்டி இறங்கிப் பாத்தாங்க. தீயணைப்பு வண்டி வந்து ஏணி போட்டுப் பாத்தாங்க. அந்த இடத்துல காத்தே கெட்டியாகி, தட்டுனா பித்தளை அண்டா மாதிரி டங்குன்னு சத்தம் கேட்டுச்சு, கை உள்ள போகல. பவுனு வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அடியில நின்னு அவன் பேரைச் சொல்லி அலறுனா. மூணாம் நாள் அவளுக்குப் பொண்ணு பொறந்துச்சு, மலர்க்கொடி. பிள்ளையைத் தூக்கிட்டுப் போய் அவனுக்குக் காட்டுனோம். அவன் கண்ணு குடையைப் பாத்துக்கிட்டிருந்துச்சு.

ஊரு எதையும் பழகிக்கும். முதல் மாசம் யாரும் சோறு திங்கல. ரெண்டாம் மாசம் அண்ணாந்து பாத்தாங்க. ஆறாம் மாசம், மாடு மேய்க்கப் போறவன் "சுருளி, வரட்டா"ன்னு கையைத் தூக்கிக் காட்டிட்டுப் போனான். வனத்துறை ஆபீஸ்ல அவனுக்கு தினமும் வருகை போட்டாங்க, ஆள் காட்டுக்குள்ளதான இருக்கான்னு. ரேசன் கார்டுல இருந்து பேரை எடுக்கல. பவுனு பூவும் பொட்டுமாத்தான் இருந்தா, அதை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. வெளியூர்க்காரன் ஒருத்தன் கற்பூரமும் மாலையும் கொண்டு வந்து அடியில வச்சுக் கும்புடப் பாத்தான். உசுரோட இருக்கவனுக்கு எந்த எடுபட்ட பய கற்பூரம் காட்டுறதுன்னு கொதிக்கிற பால் கரண்டியோட விரட்டிவிட்டேன், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடுனான்.

படம் பெரிய பரிசு வாங்குச்சாம். காலண்டர்ல எல்லாம் போட்டாங்க. பாத்தவங்க எல்லாம், ஒரு ஆளு சந்தோசம் தாங்காம குடையோட பறக்குறான்னு சொன்னாங்களாம். தியோடர் சார் அந்தப் பரிசை வாங்கப் போகல. அதுக்கப்புறம் கேமராவையே தொடல. வருசா வருசம் ஆடியில வருவாரு, என் கடை பெஞ்சுல அருவிக்கு முதுகு காட்டி உக்காருவாரு, டீ ஆறிப்போற வரைக்கும் தரையையே பாத்துக்கிட்டிருப்பாரு. ஆரம்பத்துல அவரைப் பாத்தா எனக்கு வெறி வரும். அப்புறம் அதுவும் போச்சு. அவரு ஆளை நிக்கச் சொன்னாரு, நான் குடையைக் குடுத்தேன். யாரு யாரைத் திட்டுறது?

ஆனா நான் குடையோட குடுத்த பேச்சு அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். தினமும் காலையில கடை திறந்ததும், அடுப்பைப் பத்த வைக்கிறதுக்கு முன்னாடி, அருவிக்கு அடியில போய் நின்னு வாயில கை வச்சுக் கத்துவேன்: "டேய் சுருளி, குடையை விட்டுர்றா! போனாப் போகுது! விட்டுட்டுப் பாறையைப் பிடிறா!" என்னிக்காவது அந்த நிமிசம் நகந்துச்சுன்னா, நகர்ற அந்த நொடியில என் குரல் அவன் காதுல இருக்கணும். அதுக்காகக் கத்துனேன். மழையில கத்துனேன், காய்ச்சல்ல கத்துனேன், என் வீட்டுக்காரர் செத்த பதினாறாம் நாளும் போய்க் கத்துனேன். ஊர்ப் பிள்ளைங்க என்னை மாதிரியே கத்தி விளையாடுங்க.

தண்ணிக்கதை தனிக்கதை. அருவி நின்னதும் கண்மாய் காஞ்சுச்சு, கிணறு காஞ்சுச்சு. ஊரைக் காலி பண்ணிட்டுப் போயிரலாம்னு பேச்சு வந்த நேரத்துல ஒரு நாள், நின்ன அருவியோட வலது கீழ் மூலையில, நூல் மாதிரி ஒரு தாரை ஓட ஆரம்பிச்சுச்சு. எல்லாரும் குடத்தைத் தூக்கிட்டு ஓடுனோம். நாலு நாள் கழிச்சு தியோடர் சார் வந்தாரு. அந்தப் பிலிமோட நெகட்டிவை எடுத்துத் துடைக்கும்போது கைநகம் பட்டு, வலது கீழ் மூலையில கீறல் விழுந்துருச்சாம். எடுத்துக் காட்டுனாரு. தபால்தலை அளவுக்கு ஒரு துண்டு, அதுக்குள்ள எங்க மலை பூராவும், கறுப்பு வெள்ளையாவும் வெள்ளை கறுப்பாவும், என் சிவப்புக் குடை பச்சையாவும். கீறல் இருந்த இடத்துலதான் தண்ணி ஓடுச்சு.

"இது என்கிட்ட இருக்கக் கூடாதும்மா"ன்னு சொல்லி அதைப் பவுனு கையில வச்சாரு.

"இதை அழிச்சா?"ன்னு கேட்டா பவுனு.

"எல்லாம் நகரும்."

"அவரு?"

சார் குனிஞ்சு தரையைப் பாத்தாரு. முந்நூறு அடிக்குக் கீழ பூராவும் பாறைன்னு எங்களுக்கும் தெரியும்.

அதுல இருந்து பவுனு ஊருக்குத் தண்ணி குடுக்குறவ ஆயிட்டா. நெகட்டிவைச் சின்ன எவர்சில்வர் டப்பாவுல, வேப்பிலைக்கு நடுவுல வச்சிருந்தா. சித்திரை வெயில்ல கண்மாய் பாளம் பாளமா வெடிச்சதும் நாட்டாமை துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு அவ வாசல்ல வந்து நிப்பாரு. "தாயி, சின்னதா ஒரு கீறல் போட்டு விடு தாயி. உன் புருசனுக்குத் தள்ளி, அந்த ஓரத்துல." பவுனு லென்ஸ் கண்ணாடியை வச்சுக்கிட்டு, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, ஊக்கு முனையால ஒரு மயிரிழை கீறுவா. மலையில ஒரு தாரை ஓடும். பிள்ளை பொறந்த வீட்டுக்கு ஒரு கீறல், கல்யாணத்துக்கு ஒரு கீறல்னு கேக்க ஆரம்பிச்சாங்க. மேலத்தெருவுக்கு ரெண்டு கீறல், கீழத்தெருவுக்கு ஒண்ணுதானான்னு ஒரு பொங்கலுக்கு மண்டை உடைஞ்சுச்சு. கீறல் தண்ணியில சமைச்ச சோறு தனி ருசின்னு பக்கத்து ஊர்ல இருந்து கேன் எடுத்துட்டு வந்தாங்க. இப்படித்தான் நாங்க பொழச்சோம்.

அஞ்சாம் வருசம் மார்கழியில பவுனு ஒரு காரியம் பண்ணுனா. அந்தத் தாயாட்டோட குட்டி இருந்துச்சே, அது படத்துக்குள்ள விழுகாம வெளிய தங்கிப் போச்சு. அது தினமும் விடியக்காலம் வந்து, தாயைப் பாத்துக்கிட்டு நிக்கும். வளந்துச்சு, கொம்பு வச்சுச்சு, தாயை விடப் பெருசாகி முதுகு வெளுத்த கடாயா ஆச்சு. ஆனாலும் வந்து நிக்கும். அதைப் பாத்துப் பாத்துப் பவுனுக்கு மனசு தாங்கல. "ஆட்டை விட்டுப் பாத்துருவோம் மதினி. அதுக்கு ஆகுறதுதான அவருக்கும் ஆகும்"னா. ஊக்கை எடுத்து அந்த ஆடு இருந்த இடத்தை மட்டும் சுரண்டுனா. தூக்குன காலைத் தாயாடு கீழ வச்சுச்சு. ஒண்ணுமே நடக்காத மாதிரி உடம்பைச் சிலுப்பிக்கிட்டு, குட்டியைத் தேடிக் கத்துச்சு. கடா ஓடிப் போய் அதோட மடியில மூஞ்சியை வச்சுச்சு. தாயாடு அதை முட்டித் தள்ளிருச்சு. வேற ஏதோ கடான்னு நினைச்சு முட்டுச்சு. மூணு நாள் அந்தப் பாறை பூராவும் குட்டியைத் தேடிக் கத்திக்கிட்டே திரிஞ்சுச்சு; கடா பத்தடி தள்ளி அது பின்னாலயே நடந்துச்சு. நாலாம் நாள் ரெண்டையும் காணோம்.

அன்னிக்கு ராத்திரி பவுனு சாப்பிடல. "விழுந்துருவாரோன்னுதான் இத்தனை நாளு பயந்தேன் மதினி"ன்னா. அதுக்கப்புறம் இருபத்திரண்டு வருசம் அந்த டப்பாவைத் தண்ணிக்குத் தவிர வேற எதுக்கும் திறக்கல. தலையில நரை விழுந்துச்சு. மூட்டுவலி வந்துச்சு. எனக்குச் சர்க்கரை வந்து ஆள் பாதியாயிட்டேன், பல்லுல முக்காவாசி போச்சு. மலர்க்கொடி வளந்து என்கூடக் கடைக்கு வந்துருச்சு. அவன் மட்டும் மேல இருபத்தாறு வயசுல, மீசை ஓரத்துல ஒரு தண்ணித் துளியோட நின்னான்.

போன வருசம் புரட்டாசியில பவுனு டப்பாவைத் திறந்துட்டு, மூடாம என் கடைக்கு ஓடி வந்தா. நெகட்டிவுல பூஞ்சை பிடிச்சிருந்துச்சு. இடது பக்கத்துல இருந்து வேர் மாதிரி கிளை விட்டுப் படந்து, குடைக்கு ஒரு கடுகளவு தள்ளி நின்னுச்சு. மேல பாத்தோம். அருவியோட இடது பக்கம் கண்ட இடத்துல தண்ணி கசிஞ்சுச்சு. தியோடர் சாருக்குப் போன் போட்டோம். அதை நிறுத்த முடியாதும்மான்னாரு. ஒரு வருசம் தாங்காது, அடுத்த மழைக்காலத்துக்குள்ள ஆளைத் தொட்டுரும்னாரு.

"அப்ப ஆடியில விழுவாரு"ன்னா பவுனு.

"விழுகமாட்டான். நான் கத்திக்கிட்டுத்தான இருக்கேன். குடையை விட்டுட்டா..."

"விட்டா செத்தாரு." அவ குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்ல. "பாறை ஒரு முழம் தள்ளி இருக்கு மதினி. கையில எதைப் பிடிப்பாரு? இருபத்தேழு வருசமா நீங்க தப்பாக் கத்துறீங்க. நான் காத்தைப் பாத்துக்கிட்டிருக்கேன். ஆட்டை விட்டோமே மார்கழியில, அது பக்கத்துல ஒரு சருகு கீழ பாத்துப் பறந்தபடி நின்னுச்சுல்ல? அதுவும் விடுபட்டுச்சு. விடுபட்டதும் அது கீழ வரல. திரும்பி மலையைப் பாத்துப் போச்சு."

ஆடிக்காத்து மலையில இருந்து ஊரைப் பாத்துத் தள்ளும். வாடைக்காத்து ஊர்ப்பக்கம் இருந்து மலையைப் பாத்துத் தள்ளும். எனக்கு அது அப்பத்தான் உறைச்சுச்சு. ஆடியில பிடிச்ச படத்தை வாடையில விட்டா, குடை அவனை எந்தப் பக்கம் இழுக்கும்?

"கார்த்திகையில வாடை கிளம்புனதும் எரிச்சுருவோம். நீங்க பிடிச்சுக்கோன்னு கத்தணும். குடையை விடாதன்னு கத்தணும்"னா.

நான் அடுப்படியில உக்காந்துட்டேன். "ஏத்தா, அவன் விடாம இருந்ததே என்னாலதான்டி. தொலைச்சுட்டு வந்தா வாசப்படி மிதிக்க விடமாட்டேன்னு சொல்லிக் குடுத்தேன். காத்தடிச்சாலும் கையை விடாதன்னு சொன்னேன். ஒரு குடைக்காக என் தம்பியைக் கொன்னவடி நான்." இருபத்தேழு வருசத்துக்கு அப்புறம் முதல்தடவையாச் சொன்னேன். சொல்லிட்டு, அவ என்னை அறைஞ்சாக்கூடப் பரவாயில்லன்னு மூஞ்சியை நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

பவுனு என் முந்தானையை எடுத்து என் மூக்கைத் துடைச்சுவிட்டா. "தெரியும் மதினி. தினமும் காலையில போனாப் போகுது, போனாப் போகுதுன்னு கத்துறீங்களே, கேக்குறவங்களுக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும். உங்ககிட்ட யாரு வந்து சொல்றதுன்னுதான் இருந்தோம்."

கார்த்திகை பொறந்து பதினோராம் நாள் வாடை கிளம்புச்சு. காலையில இருந்தே மரமெல்லாம் மலையைப் பாத்துச் சாஞ்சுச்சு. ஊர்ல இருந்த மீன்வலை, பந்து விளையாடுற வலை, வைக்கோல் கட்டுற கயிறு எல்லாத்தையும் முடிஞ்சு அடியில கட்டுனோம், அது தாங்காதுன்னு தெரிஞ்சே கட்டுனோம். ஆத்தோரத்துல இருந்த ஆடு மாட்டை எல்லாம் மேட்டுக்கு ஓட்டிவிட்டாங்க. தியோடர் சார் வந்திருந்தாரு, எண்பதைத் தொடப்போற மனுசன், அன்னிக்கும் முதுகைக் காட்டித்தான் உக்காந்தாரு. வெயில் உச்சிக்கு வந்து, காத்து ஒரே வீச்சா வலுத்ததும், பவுனு காத்துக்கு மறைவா வச்சிருந்த அகல் விளக்குல நெகட்டிவைப் பிடிச்சா. நான் வாயில கை வச்சேன். தினமும் கத்துன பேச்சு பழக்கத்துல நுனிநாக்குல வந்து நின்னுச்சு, அதை முழுங்கிட்டுக் கத்துனேன்: "டேய் சுருளி! குடையை விடாத! விட்டேன்னா வீட்டு வாசப்படி மிதிக்க விடமாட்டேன்! பிடிறா! பிடிச்சுக்கோடா!"

பிலிம் சுருண்டு பொசுங்குச்சு. முதல்ல சத்தம் வந்துச்சு, இருபத்தேழு வருசமா இல்லாத அந்த இரைச்சல், நெஞ்சுக்கூட்டுல இடி இறங்குன மாதிரி. அப்புறம் நாலு குருவியும் பறந்துச்சு, நாவல்மரத்தோட பச்சைப் பாதி அசைஞ்சுச்சு, ஆடி மாசத்துத் தண்ணி அத்தனையும் ஒண்ணா விழுந்து எங்களை எல்லாம் நனைச்சுச்சு, அந்தப் புகைத்திவலைக்குள்ள என் சிவப்புக் குடை ஒரு முழம் கீழ இறங்கி, ரெண்டு முழம் இறங்கி, வாடை அடியில புகுந்து பொம்முனு உப்பி, அவனைத் தூக்கி, மேலயும் இல்லாம கீழயும் இல்லாம ஒரு சுத்துச் சுத்தி, பாறையில கொண்டு போய் மோதுச்சு. அவன் கையை விடல. என் பேச்சை இன்னிக்குக் கேட்டானோ, அன்னிக்கே கேட்டானோ, விடல. பாறையில தவந்தான், எந்திரிச்சு நின்னான். குடையை மடக்குனான். ஊரே அழுதுச்சு. நாட்டாமை தரையில விழுந்து புரண்டாரு.

உச்சியில இருந்து ஒத்தையடிப் பாதையில இறங்கி வர அரை மணி நேரம் ஆகும். அந்த அரை மணி நேரத்துல ஊர் சத்தமெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா அடங்குச்சு. யாரு முதல்ல போய்ப் பேசுறதுன்னு ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்தாங்க. அந்த ஆட்டை எல்லாரும்தான் பாத்திருந்தாங்க. பவுனு புதுச்சேலை கட்டியிருந்தா, தலை நிறைய பூ வச்சிருந்தா. பாதையில மண் சரியிற சத்தம் கேட்டதும், "நீங்க முன்னாடி நில்லுங்க மதினி"ன்னுட்டு, கடைக்குப் பின்னாடி விறகு அடுக்கி வச்சிருக்கிற இடத்துல போய் நின்னுக்கிட்டா.

வந்தான். நொண்டிக்கிட்டு, முழங்கை சிராய்ச்சு, சொட்டச் சொட்ட வந்தான். கீத்துக்கொட்டகையா இருந்த என் கடை இப்பக் கான்கிரீட்டு. அதை மேலயும் கீழயும் பாத்தான். கூடி நிக்கிற கூட்டத்தைப் பாத்தான், சிரிக்கப் பாத்தான், தெரிஞ்ச முகம் ஒண்ணும் இல்லாம நிறுத்திக்கிட்டான். மலர்க்கொடி டீப்பலகைக்குப் பின்னாடி நின்னா, அவனை விட ஒரு வயசு மூத்தவ. அவகிட்டப் போய், "அக்கா, ஒரு சொம்பு தண்ணி குடுங்கக்கா"ன்னான். அவ குடுத்தா. குடிச்சான். வாயைத் துடைச்சுக்கிட்டு என் பக்கம் திரும்புனான்.

"ஆத்தா, இங்கன மூக்கம்மான்னு டீக்கடை வச்சிருந்தாங்களே, எங்க அக்கா. பாதை மாறி வேற எங்கயும் இறங்கிட்டனா? போட்டோக்கார சாரையும் காணோம்."

நான் வாயைத் திறந்தேன். இருபத்தேழு வருசம் அந்த மலை எதிரொலிக்கக் கத்துன வாயி. காத்துதான் வந்துச்சு.

"செவிடு போல"ன்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டு, குடையை என் கையில வச்சான். "இது அவ குடை ஆத்தா. பத்திரமாக் கொண்டாந்துட்டேன்னு சொல்லுங்க. ஒரு கம்பி மட்டும் வளைஞ்சிருச்சு, அதுக்குத் திட்டுவா, திட்டட்டும். எனக்கு நிக்க நேரமில்ல. வீட்டுல நெறமாசக்காரியை ஒத்தையில விட்டுட்டு வந்திருக்கேன்."

"திட்டமாட்டாய்யா"ன்னேன். அம்புட்டுத்தான் வந்துச்சு. "போய்யா. வெரசாப் போ."

அவன் விறகு அடுக்கு ஓரமாத்தான் போனான். அங்க நின்ன பொம்பளையைப் பாத்து, "கொஞ்சம் தள்ளிக்கங்கம்மா"ன்னு மரியாதையாச் சொல்லிட்டு, வீட்டுப் பாதையில, "பவுனு, ஏ பவுனு"ன்னு கூப்பிட்டுக்கிட்டே நொண்டி நொண்டி ஓடுனான். பவுனு தலையில இருந்த பூவை எடுத்து விறகு மேல வச்சா. முந்தானையை இழுத்து இடுப்புல சொருகிக்கிட்டு, அவன் பின்னாலயே, பத்தடி தள்ளி நடந்தா.